புள்ளி மறைந்ததும் நிறுத்திவிட்டேன்

பேங்கில் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்தபின், பம்புசெட் ரூமுக்குப் பின்னால் இரண்டு சிமெண்ட் தொட்டி கட்டி மோலி, கப்பி என்று வண்ணமீன்கள் விட்டேன். மீன் விற்ற காசு ஒரு பக்கம் இருக்கட்டும். தொட்டித் தண்ணீர் கீரைப்பாத்திக்கு நல்ல உரம் என்பதுதான் என் கணக்கு.

போன மார்கழியில் முப்பது மோலி வாங்கிவந்து நேராகத் தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் காலை பார்த்தால், மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு சுவரில் உடம்பை உரசித் திரிகின்றன. மேலெல்லாம் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. மருந்து வாங்கி மூன்று நாள் ஊற்றினேன். புள்ளி மறைந்தது. நிறுத்திவிட்டேன். அடுத்த வாரமே முன்னைவிட அதிகமாக வந்தது. ஒரே காலையில் வலையில் அள்ளி எண்ணினேன், இருபத்திரண்டு.

பக்கத்து ஊரில் பல வருடமாக மீன் வளர்க்கும் தம்பி வந்து பார்த்தார். "பேங்க் சார், புள்ளி போனா நோய் போச்சுன்னு யாரு சொன்னா? அது கீழ எறங்கி குட்டி போடப் போயிருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரியே. அந்தப் புள்ளி இக்தியோஃப்தைரியஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் தின்று வளரும். முற்றியதும் உதிர்ந்து, அடியில் ஒட்டி, மேலே ஒரு உறை கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வெளியே வந்து மீனைத் தேடும். மருந்தோ உப்போ பிடிப்பது நீந்தும் அந்த நேரத்தில் மட்டும்தான். தோலுக்குள்ளும் உறைக்குள்ளும் இருப்பதை ஒன்றும் செய்யாது. தண்ணீர் 28, 30 டிகிரி இருந்தால் இந்தச் சுற்று சில நாளில் முடியும். குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும். மார்கழியில் என் மூன்று நாள் வைத்தியம் எப்படிப் போதும்?

இரண்டாம் முறை கல்லுப்பு போட்டேன், அளந்து. தொட்டி 6 அடிக்கு 4 அடி, தண்ணீர் 2 அடி. 48 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 1,360 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் வீதம் இரண்டே முக்கால் கிலோ. வாளியில் கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றினேன். தினமும் அடி அழுக்கை ட்யூப் வைத்து இழுத்து, எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பு சேர்த்துப் புதுத் தண்ணீர் விட்டேன். இரவில் தொட்டி மேல் தார்ப்பாய். காற்று மோட்டார் ஓடியபடி. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் விடவில்லை. மிச்சமிருந்த மீன்கள் பிழைத்தன.

ஆனால் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உப்பைத் தூக்காதீர்கள். தங்கமீனில் ஆணுக்கு, இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளி வரும். அது நோயே இல்லை. அதேபோல, எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். முதல் வருடம் எனக்கு அதுதான் நடந்தது. புதுத் தொட்டி, அளவுக்கு மீறிய தீனி, அம்மோனியா ஏறிவிட்டது. நான் என்னமோ நோய் என்று நீல மருந்தை ஊற்றி, அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் கெடுத்துக்கொண்டேன். மண்ணில் ரசாயனம் போடாதே என்று ஊருக்குச் சொல்கிற ஆள்! தீனியை நிறுத்தி, தண்ணீரில் ஒரு பங்கை மாற்றியிருந்தால் போதும். போர் தண்ணீரை மட்டும் உயரத்திலிருந்து விழவிட்டுச் சேருங்கள். அதில் காற்று குறைவு.

வேப்பெண்ணெய் ஊற்றலாமா என்று நம் ஆட்கள் கேட்பார்கள். வேண்டாம். பயிருக்கு நல்லதெல்லாம் மீனுக்கு நல்லதில்லை. வேம்பு மீனுக்கு நஞ்சு. எண்ணெய்ப் படலம் காற்றையும் தடுக்கும்.

இன்னொன்று, உப்புப் போட்ட தண்ணீரைப் பாத்திக்கு விடாதீர்கள். நான் பழக்க தோஷத்தில் திருப்பிவிட்டேன். ஒரு பாத்தி அரைக்கீரை கருகிப்போனது. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் தென்னை மரத்தடிக்கு விட்டேன்.

இப்போது புதிதாக வரும் மீன் மூன்று வாரம் தனி டிரம்மில். வலையும் தனி. அதைப் பார்த்துத்தான் அந்தத் தம்பி சிரிக்கிறார்: "என்ன சார், மீனுக்கும் ப்ரொபேஷனா?"