காற்றில் மிதக்கும் கார்: சுகம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு!

பழைய சொகுசு கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

பத்து வருடம் ஓடிய வெளிநாட்டு சொகுசு கார், புதுசாக ஒரு சின்ன கார் வாங்கும் விலைக்கு கிடைக்கிறது. பளபளப்பு குறையவில்லை. தோல் இருக்கை. உட்கார்ந்து பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கிறது. "விட்டால் கிடைக்காது" என்று உடனே அட்வான்சை கொடுத்து விடுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து காலையில் வெளியே வந்து பார்த்தால் கார் ஒரு பக்கமாக படுத்து கிடக்கிறது. நாலு டயரிலும் காற்று இருக்கிறது. பஞ்சர் ஆனது டயர் அல்ல. டயருக்கு மேலே இருக்கும் காற்று பை. "ஏர் சஸ்பென்ஷன்" என்று சொல்வது இதைத்தான்.

இதனால் லாபம் என்ன? நஷ்டம் என்ன? இதோ விவரம்:-

ஸ்பிரிங்குக்கு பதில் காற்று

சாதாரண கார்களை தாங்கி நிற்பது இரும்பு ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அடியை ஸ்பிரிங் வாங்கிக் கொள்ளும். அது தொடர்ந்து குதிக்காமல் "ஷாக் அப்சார்பர்" அடக்கி வைக்கும்.

ஏர் சஸ்பென்ஷன் காரில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் கெட்டியான ரப்பர் பை இருக்கும். உள்ளே அழுத்தி அடைத்த காற்று. காற்றை அடைக்க மின்சார கம்பரசர். எந்த பைக்கு எவ்வளவு என்று பிரித்து விட வால்வுகள். கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சொல்ல சென்சார்கள். இத்தனையையும் கட்டி மேய்க்க ஒரு சின்ன கம்ப்யூட்டர்.

ஆள் ஏறினால் காற்று ஏறும். ஆள் இறங்கினால் காற்று இறங்கும். எல்லாம் தானாகவே நடக்கும்.

பஸ்சிலும் ரெயிலிலும் உண்டு

இது பணக்காரர் சமாச்சாரம் மட்டும் அல்ல. சென்னை பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் 2018-ம் ஆண்டு தயாரான முதல் வந்தே பாரத் ரெயிலில் காற்று ஸ்பிரிங்தான் பொருத்தப்பட்டது. சென்னையில் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விடப்பட்ட தாழ்தள பஸ்கள், பயணிகள் ஏறுவதற்கு வசதியாக ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கின்றன. அதுவும் காற்று பை செய்யும் வேலைதான்.

காலி பஸ்சுக்கும், கூட்டம் ஏறிய பஸ்சுக்கும் எடையில் டன் கணக்கில் வித்தியாசம் உண்டு. அதனால் பஸ்சுக்கு காற்று பை ரொம்ப பொருத்தம். பஸ்சுக்கு ஒன்று என்றால் கவனிக்க டெப்போ இருக்கிறது. சொந்த காருக்கு யார் இருக்கிறார்கள்? சிக்கல் அங்கேதான் வருகிறது.

லாபம் என்ன?

முதல் லாபம் சுகம். இரும்பு ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை எப்போதும் ஒரே அளவுதான். காற்று பை அப்படி இல்லை. ஒருவர் போனாலும், ஐந்து பேர் மூட்டை முடிச்சுடன் போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அசைந்து கொடுக்கும்.

இரண்டாவது, பின்பக்கம் பாரம் ஏற்றினாலும் கார் தொங்காது. பின்பக்கம் தொங்கினால் முன் விளக்கு வெளிச்சம் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணை கூச வைக்கும். அந்த தொல்லை இதில் இல்லை.

மூன்றாவது, உயரத்தை கூட்டலாம், குறைக்கலாம். வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும், 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த அளவு. நம்ம தெருவில் ராவோடு ராவாக முளைக்கும் வேகத்தடைகளுக்கு எந்த அளவும் கிடையாது! நீளமான கார் அதில் ஏறினால் அடிவயிறு உரசும். 2004-ம் ஆண்டு வந்த "லேண்ட்ரோவர் டிஸ்கவரி-3" காரில் பொத்தானை அமுக்கினால் வண்டி 5½ சென்டிமீட்டர் உயரும். ஏறி இறங்க வசதியாக 5 சென்டிமீட்டர் தாழவும் செய்யும்.

இதை நம்பி மழை வெள்ளத்தில் இறங்கி விடக்கூடாது. கார் கொஞ்சம் உயர்ந்தால் படகு ஆகி விடாது. என்ஜினுக்கு காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் என்ஜினே போய் விடும்.

நஷ்டம் என்ன?

ரப்பருக்கு வயது உண்டு. வெயில், தூசு, சகதி எல்லாம் அதன் மேல் படும். பை மடிந்து மடிந்து விரியும் இடத்தில் வெடிப்பு விடும். முதலில் ஊசி முனை அளவுக்கு காற்று கசியும். ராத்திரி நிறுத்திய கார் காலையில் தாழ்ந்து இருக்கும். என்ஜினை போட்டதும் பழையபடி எழுந்து விடும். "சரியாகி விட்டது" என்று சொந்தக்காரர் நினைத்துக் கொள்வார்.

ஆனால் சரியாகவில்லை. கசிந்த காற்றை ஈடுகட்ட கம்பரசர் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. சூடேறி ஒருநாள் அதுவும் போய் விடும். பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கம்பரசர் வரை போகிறது.

ஈரமும் ஒரு எதிரி. கம்பரசர் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதில் உள்ள ஈரத்தை உறிஞ்ச ஒரு மருந்து டப்பா உண்டு. கடலோர ஊர்களில் காற்றே ஈரம். மருந்து சக்தி இழந்தால் தண்ணீர் வால்வுக்குள் இறங்கி துரு பிடிக்கும்.

இரும்பு ஸ்பிரிங் தளர்ந்து போனாலும் வண்டி வீடு வந்து சேரும். காற்று முழுசாக போன காரை ஓட்டுவது ஆபத்து. மேடை லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். நாலு சக்கரத்துக்கும் கம்பெனி பாகம் மாற்றினால் பில் லட்சக்கணக்கில் வரும். புதுப்பேட்டை பக்கம் தேடினால் பழைய பாகம் கிடைக்கலாம். அதுவும் வயதான ரப்பர்தானே!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

1957-லேயே பட்ட பாடு

இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. அமெரிக்காவில் 1957-ம் ஆண்டு "கேடிலாக் எல்டொரடோ புரோகாம்" என்ற கார் காற்று பையுடன் வந்தது. அப்போதே அதன் விலை 13 ஆயிரத்து 74 டாலர். காற்று கசிந்து கசிந்து, வாங்கியவர்களுக்கு வெறுத்து விட்டது. பலர் பையை கழற்றி போட்டு விட்டு இரும்பு ஸ்பிரிங் மாட்டிக் கொண்டார்கள்.

ஜெர்மனியில் 1963-ம் ஆண்டு வந்த "மெர்சிடிஸ் 600" காரிலும், 1998-ம் ஆண்டு வந்த "எஸ் கிளாஸ்" காரிலும் காற்று பை இடம் பெற்றது. செங்கல்பட்டு அருகே 2007-ம் ஆண்டு தொடங்கிய பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையும் இந்த வரிசையில் சேர்ந்தது. 2016-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த "7 சீரிஸ்" கார், காற்று பையுடன் அங்கேயே பூட்டப்பட்டது.

நுட்பம் எவ்வளவோ முன்னேறி விட்டது. ஆனால் ரப்பர் ரப்பர்தான். புது காரில் கோளாறு வந்தால் வாரண்டி உண்டு. முதல் சொந்தக்காரர் சுகத்தை அனுபவிக்கிறார். மூன்றாவது சொந்தக்காரர் பில்லை கட்டுகிறார்!

வாங்கும் முன்பு பாருங்கள்

* காரை காலையில் போய் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற காராக இருக்க வேண்டும். பானெட்டை தொட்டு பாருங்கள். சுட்டால், உங்களுக்கு முன்பே யாரோ என்ஜினை போட்டு காரை "எழுப்பி" வைத்திருக்கிறார்கள்.

* டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்து இருந்தால் கசிவு.

* என்ஜினை போட்டு, உயரத்தை கூட்டி குறைத்து பாருங்கள். கம்பரசர் சத்தம் விடாமல் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

* பையின் மேல் சோப்பு தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடை வித்தை இங்கேயும் பலிக்கும்.

* விவரம் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் ஸ்கேனர் மாட்டி பாருங்கள். பை, கம்பரசர் மாற்றியதாக சொன்னால் பில்லை கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்து

காற்றை மட்டும் நம்பி நிற்கும் காருக்கு அடியில் யாரும் தலையை விடக்கூடாது. வால்வு திறந்தால் கார் திடீரென்று கீழே இறங்கி ஆளை நசுக்கி விடும். ஜாக்கி போடும் முன்பு, கார் புத்தகத்தில் சொல்லியபடி ஏர் சஸ்பென்ஷனை நிறுத்த வேண்டும். அடியில் வேலை செய்ய வேண்டுமானால் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தே தீர வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றலாமா?

செலவுக்கு பயந்து காற்று பையை கழற்றி விட்டு இரும்பு ஸ்பிரிங் போடுபவர்கள் உண்டு. வண்டியை தரையோடு தாழ்த்தி "ஷோ" காட்ட, சாதாரண காரில் காற்று பை மாட்டும் இளைஞர்களும் உண்டு. இரண்டு பேரும் சட்டத்தை யோசிக்க வேண்டும். மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற தடை போடுகிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தி தீர்ப்பு கூறியது.

ஆக, கையில் தாராளமாக பணம் உள்ளவர்கள் வாரண்டியோடு புது கார் வாங்கினால் காற்று பை நல்ல சுகம். சேமித்த பணத்தை போட்டு பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இரும்பு ஸ்பிரிங் காரே போதும்.

இல்லை, அந்த சொகுசு கார்தான் வேண்டும் என்றால், நாலு பைக்கும் கம்பரசருக்கும் ஆகும் செலவை முதலில் விசாரிக்க வேண்டும். பேரம் பேசும்போது அதை விலையில் கழிக்க சொல்ல வேண்டும். கழிக்க மாட்டேன் என்றால், காரை அங்கேயே விட்டு விட்டு பஸ் ஏறுவதே புத்திசாலித்தனம்.