பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் கலக்கலாமா?

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. குப்பை மேடுகளின் அடிவாரத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் வேறிடத்தில் காணி வாங்க வசதியில்லாதவர்களே. யாழ். மாநகர சபையின் குப்பை கல்லுண்டாய் வெளியில் கொட்டப்படுகிறது. அங்கே தீப்பிடிக்கும் போதெல்லாம் புகையைச் சுவாசிப்பவர்கள் அயலில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள்.

நாட்டின் நகரக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது உக்கக்கூடியது: மரக்கறித் தோல், மீன் தலை, மிஞ்சிய சோறு, தேங்காய்ச் சக்கை, முற்றத்துச் சருகு. இவை காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும்போது மீதேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும். மழையோடு வடியும் கறுப்பு நீர் நிலத்துக்குள் இறங்குகிறது. குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல் என்பதால் வெடிப்புகள் வழியாக அழுக்கு விரைவாக நிலத்தடி நீரில் கலக்கும். வற்றாத ஆறு இல்லாத மண்ணில் கிணறு பழுதானால் மாற்று வழி குறைவு.

ஆகவே உக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்து எடுத்தால் பிரச்சினையின் பெரும்பகுதி குறையும். ஆனால் துண்டுப்பிரசுரம் கொடுப்பதால் மட்டும் இது நடக்காது.

இத்தாலியின் மிலான் நகரம் 2012 இல் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கி, 2014 இல்தான் நகரம் முழுவதற்கும் விரிவாக்கியது. வீடுகளுக்குக் காற்றோட்டமுள்ள சிறு கூடையும் உக்கும் பைகளும் கொடுத்தார்கள். உணவுக் கழிவைக் கிழமைக்கு இரண்டு தடவை எடுத்தார்கள். மிகுதிக் குப்பைக்கு ஊடுதெரியும் பை. உள்ளே சோறு கிடந்தால் வெளியிலேயே தெரிந்துவிடும். தென்கொரியா 2005 இல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பதைத் தடை செய்தது. 2013 முதல் கொட்டும் அளவுக்கேற்பக் கட்டணமும் அறவிடுகிறது.

எங்கள் ஊர்களுக்கு இவற்றை அப்படியே கொண்டுவர முடியாது, தேவையுமில்லை. வீட்டுக்கு மூடியுள்ள வாளி ஒன்று போதும். அடியில் பழைய பத்திரிகைத் தாளைப் போட்டால் ஈரம் உறிஞ்சும், மணமும் குறையும். எங்கள் வெப்பத்தில் சமையல் கழிவு இரண்டு நாளுக்குமேல் தாங்காது. அதனால் உக்கும் குப்பையை அடிக்கடியும், பிளாஸ்டிக், போத்தல் போன்றவற்றைக் கிழமைக்கொரு தடவையும் எடுக்க வேண்டும். நாளும் நேரமும் மாறக்கூடாது. வாளிக்குள் பொலித்தீன் இருந்தால் எடுக்காமல், காரணத்தைச் சொல்லி விட்டுச் செல்ல வேண்டும். காணி உள்ளவர்கள் வீட்டிலேயே உரமாக்கினால் சபைக்கு எரிபொருட் செலவும் மிச்சம்.

சேகரித்ததை நல்ல பசளையாக்க ஈரக் கழிவோடு சருகு, வைக்கோல், மரத்தூள் கலக்க வேண்டும். குவியலின் உட்சூடு 55 பாகை செல்சியஸைத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் கிருமிகளும் களை விதைகளும் அழியும். இடையிடையே புரட்டிவிட்டால் மூன்று மாதமளவில் பசளை தயாராகும். கண்ணாடித் துண்டு கலந்த பசளையை எந்தத் தோட்டக்காரரும் இரண்டாம் முறை வாங்கமாட்டார். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தபோது, போதிய சேதனப் பசளை கையில் இல்லாமல் விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது நம்பிக்கை. இரண்டு வாளியில் பிரித்துக் கொடுத்ததை ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் கொட்டுவதை ஒருநாள் பார்த்த வீட்டுக்காரர் மறுநாள் பிரிக்கமாட்டார். பெட்டிக்கு நடுவே ஒரு தடுப்புப் பலகை போடப் பெரிய செலவில்லை. கையுறையும் ஒழுங்கான சம்பளமும் இல்லாத சுகாதாரத் தொழிலாளியிடம் கவனமான வேலையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

உங்கள் வட்டார உறுப்பினரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கள் வீதிக்கு வண்டி எந்த நாளில் வரும்? பிரித்துக் கொடுப்பது எங்கே போகிறது? அதில் உருவாகும் பசளையை யார் வாங்குகிறார்கள்? மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய சபை ஒரு வட்டாரத்திலாவது நாளையே தொடங்கலாம்.