உங்களுக்குத் தெரியுமா? – ஜூலை 10

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை கட்டாயம் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவுகளே நெருப்பு மூட்டின. கோட்டையில் திப்பு சுல்தானின் குடும்பம் சிறைவைக்கப்பட்டிருந்தது. மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து, அன்றே ஈவிரக்கமின்றி அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். பிறகு உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. சென்னை மாகாண கவர்னர் பெண்டிங்க் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1857 எழுச்சிக்கு 51 ஆண்டு முன்பே நடந்த இது, பாடப்புத்தகங்களில் இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும்.

இதே தேதியில் 1973-இல் பிரிட்டனிடமிருந்து பஹாமாஸ் விடுதலை பெற்றது. அங்கே இந்நாள் தேசிய விடுமுறை.

1913-இல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலக வானிலை அமைப்பு ஏற்றுள்ள உச்ச வெப்பம் அதுதான்.

அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரலைத் தொலைக்காட்சியைக் கடத்திய டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணேறியது 1962 ஜூலை 10. மின்னியல் மேதை நிகோலா டெஸ்லா (1856), கிரிக்கெட் வீரர் சுனில் கவாஸ்கர் (1949) இருவருக்கும் இதுவே பிறந்தநாள்.