றட்லண்ட்: ஒரு சிறுநிலமும் அதன் பெயரும்

இங்கிலாந்துப் படத்தை விரித்து அதன் நடுப்பாகத்திற்குச் சற்றுக் கிழக்கே நோக்குவார், லெஸ்டர்சயர், லிங்கன்சயர், நோதாம்ரன்சயர் என்னும் மூன்று பெருங் கவுண்டிகளின் இடையே விரல்நுனியால் மறைக்கத்தக்க நிலத்துண்டு ஒன்றைக் காண்பர். அதுவே றட்லண்ட். கவுண்டி என்பது அந்நாட்டில் தொன்றுதொட்டு வழங்கும் ஆட்சிப்பிரிவு. றட்லண்டின் பரப்பு ஏறக்குறைய 150 சதுர மைல். 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 41,000 வரையினர். இத்துணைச் சிறியதொரு நிலம் தனித்து நிற்றல் தகுமோ என்னும் வினாவே அதன் அண்மைக்கால வரலாறு முழுவதையும் ஆட்டி வந்துள்ளது.

மேற்குப்பாகம் களிமண் செறிந்த குன்றுப்பாங்கான மேய்ச்சல் நிலம். கிழக்குப்பாகம் தானியம் விளையும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். இவ்வேறுபாட்டை அறிய மண்ணைத் தோண்டவேண்டுவதில்லை. மேற்கூர்களின் வீட்டுச்சுவர் இரும்புக்கனியம் கலந்த கபிலநிறக் கல்லாலாயது. கிழக்கே கெற்றன் பக்கத்தில் வெண்மஞ்சட் கல்லாலாயது. குவாஷ், சேட்டர் என்னும் சிற்றாறுகள் நடுவே கிழக்கு நோக்கி ஓடி வெலண்ட் ஆற்றொடு கலக்கின்றன. 2020இல் கெற்றனுக்கு அண்மையில் வயலொன்றின் கீழே, திரோய்ப் போரில் அக்கிலீசும் எக்டரும் பொருத காட்சி அமைந்த உரோமர்காலச் சித்திரத்தளம் கண்டெடுக்கப்பட்டது.

ஆங்கிலோ-சட்சன் காலத்தில் இந்நிலம் அரசியரின் வாழ்வூதியத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இதன் தனித்தன்மைக்கு அதுவே வித்து எனலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இது தனிக் கவுண்டியாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைநகராகிய ஓக்கமில் எழுந்த கோட்டை மண்டபம் இன்றும் நிற்கின்றது. அவ்வூருக்கு முதன்முறை வரும் பிரபு எவரும் குதிரை இலாடம் ஒன்றைத் திறையாக அளித்தல் வேண்டும். மன்னர்க்கும் விலக்கில்லை: நான்காம் எட்வேட் 1470 அளவில் அளித்ததும் அங்கே உண்டு. இருநூற்றுக்கு மேற்பட்ட இலாடங்கள் திறந்த முனை கீழ்நோக்கத் தொங்குகின்றன. பிறவிடங்களில் அவ்வாறு தொங்கவிடல் தீநிமித்தமாம். சாத்தான் அதனுட் குந்தியிருக்க இயலாது என்பது ஓக்கமார் கூறும் சமாதானம்.

1960களின் தொடக்கத்தில், றட்லண்டை லெஸ்டர்சயருடன் இணைக்குமாறு உள்ளூராட்சி ஆணைக்குழு விதந்துரைத்தது. மக்கள் எதிர்த்தனர்; 1963இல் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. ஆயினும் 1974 ஏப்பிரில் 1ஆம் நாள் இணைப்பு நடந்தேறியது. சிக்கனங் கருதுவார் கூற்றை முற்றாகத் தள்ளுதல் நேர்மையன்று. சில ஆயிரம் மக்களுக்கெனப் பாடசாலைக்கும் வீதிக்கும் நூலகத்துக்கும் தனி நிருவாகம் வைத்தல் செலவு மிக்கதே. எனினும், எண்ணூறு ஆண்டுப் பழக்கத்திற்கு எக்கணக்கேட்டில் இடமுண்டு?

அதே ஆண்டுகளில் வேறோர் இழப்பும் நேர்ந்தது. சூழவுள்ள நகரங்களின் நீர்த்தேவை கருதிக் குவாஷ் பள்ளத்தாக்கை எம்பிங்கமில் மண்ணணையால் மறித்தனர். வெலண்ட், நென் ஆறுகளின் நீர் இயந்திரங்களால் இறைத்துக் கொணரப்பட்டது. ஏறத்தாழ 3,000 ஏக்கரில் நீர் பரந்தது. மேல், நடு, கீழ் என மூன்றாயிருந்த ஹாம்பிள்டன் ஊர்களுள் கீழூர் முற்றாகவும் நடுவூர் பெரும்பாலும் மறைந்தன. மேலூர் இப்போது நீர் சூழ்ந்த குடாநிலத்தில் நிற்கின்றது. நோமன்றன் தேவாலயத்தின் அடிப்பாகத்தைக் கல்லும் கொங்கிறீற்றும் இட்டு நிரப்பி, உயர்த்திய தளத்துடன் காத்தனர். முதலில் எம்பிங்கம் நீர்த்தேக்கம் எனப்பட்டது, பின்னர் 'றட்லண்ட் நீர்' எனப் பெயர் பெற்றது. ஆட்சியேட்டில் நீங்கிய பெயரை, ஊர்களை விழுங்கிய நீரே சுமந்து நின்றது! ஸ்கொத்லாந்திலிருந்து 1996 முதல் கொணர்ந்து விடப்பட்ட விராலடிப்பான் பறவைகள் 2001இல் அங்குக் குஞ்சு பொரித்தன. 2021இல் அதன் கரையோரச் சேற்றில், ஏறத்தாழ 33 அடி நீளமான, பதினெட்டுக் கோடி ஆண்டுக்கு முற்பட்ட கடலூர்வனவொன்றின் என்புக்கூடு வெளிப்பட்டது.

1997 ஏப்பிரில் 1ஆம் நாள் றட்லண்ட் தன் தனியாட்சியை மீளப் பெற்றது. ஆனால் 2024 டிசெம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இத்தகைய ஆட்சிமன்றம் ஒன்றுக்கு ஐந்து இலட்சம் மக்களை வழிகாட்டு அளவாகக் குறித்தது. றட்லண்டின் குடித்தொகை அதிற் பன்னிரண்டில் ஒரு பங்கும் ஆகாது. இணைப்புப் பேச்சு மீண்டும் எழுந்தது.