மூளைக்குள் நீறு பூத்த நெருப்பு

சாத்தே கடையில் கரி அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்கு அடியில் கங்கு கனன்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, மாணவர்களே? அதைத்தான் நீறு பூத்த நெருப்பு என்கிறோம். உயிர்வளி கிடைக்காமல் தவித்த சிசுவின் மூளையிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது.

கருவிலிருக்கும் சிசு மூச்சு விடுவதில்லை. உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாகவே வருகிறது. அந்தக் கொடி நசுங்கினால் மூளைக்குச் செல்லும் உயிர்வளி தடைபடும். பிறகு இரத்த ஓட்டம் சீரானாலும் பாதிப்பு அதோடு முடிவதில்லை.

ஏன் தெரியுமா? மூளையில் மைக்ரோகிளியா எனும் காவல் உயிரணுக்கள் உள்ளன. இறந்த உயிரணுக்களை அகற்றுவது அவற்றின் வேலை. ஆபத்து நேரும்போது அவை டிஎன்எஃப் போன்ற புரதங்களைச் சுரந்து அழற்சியைத் தூண்டுகின்றன. இந்த அழற்சி நாள்கணக்கில் நீடித்தால் நல்ல உயிரணுக்களும் மடியும். குறைமாதக் குழந்தைகளிடம் பெரிதும் பாதிக்கப்படுவது மூளையின் வெண்பொருள். மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல் நரம்பிழைகளுக்கு உறை அமைக்கும் இளம் உயிரணுக்கள் அங்கே உள்ளன. வெண்பொருள் சிதைந்தால் பெருமூளை வாதம் ஏற்படலாம்.

நிறைமாதக் குழந்தை என்றால், பிறந்த 6 மணி நேரத்திற்குள் அதன் உடலைக் குளிர்விக்கத் தொடங்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். மிகவும் முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியைச் சோதித்தனர். முதிராத செம்மறியாட்டுக் கருக்களின் தொப்புள்கொடியை 25 நிமிடம் அடைத்தனர். 3 நாள் கழித்து, டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் எட்டனர்செப்ட் மருந்தை மூளையின் திரவ அறைக்குள் செலுத்தத் தொடங்கினர். முடக்குவாத நோயாளிகளுக்கு ஏற்கெனவே கொடுக்கப்படும் மருந்துதான் இது. 21ஆம் நாள் பார்த்தபோது, மருந்து பெற்ற கருக்களில் வெண்பொருளின் சிதைவு குறைந்திருந்தது. இந்த ஆய்வு 2023இல் 'பிரெயின்' எனும் ஆய்விதழில் வெளிவந்தது.

அந்த 3 நாளைக் கவனியுங்கள். கருவில் உயிர்வளி எப்போது தடைபட்டது என்பது மருத்துவருக்குப் பல வேளைகளில் உடனே தெரிவதில்லை. தாமதமாகத் தொடங்கினாலும் பலன் தரும் மருந்து கிடைத்தால், கைநழுவியதாக நினைத்த நேரம் திரும்பக் கிடைக்கும்.

ஆனால், அவசரம் கூடாது. மூளை சரியாக வளரவும் மைக்ரோகிளியா வேண்டும்; அவற்றை அளவுக்கு மீறி அடக்கினால் அதுவே கேடாகலாம். ஆட்டிடம் பலித்தது மனிதக் குழந்தையிடமும் பலிக்குமா என்பதை இனிதான் நிரூபிக்க வேண்டும்.

நோய் எதிர்ப்பாற்றல் கூடினால் நல்லது என்றே நாம் நினைக்கிறோம். எப்போது கூட வேண்டும், எப்போது தணிய வேண்டும்? அடுத்த உயிரியல் பாடத்தில் இந்தக் கேள்வியை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.