ஆய்வின் கடிவாளம் ஊர் கையில்

1980களின் முற்பாதியில், கனடாவின் வான்கூவர் தீவில் நூ-சா-நுல்த் பழங்குடியினர் 883 பேர் முடக்குவாத ஆய்வுக்காக ரத்தம் கொடுத்தார்கள். நோய்க்கான மரபணுக் காரணம் அகப்படவில்லை. ரத்தமோ ஆய்வாளரோடு அமெரிக்காவுக்கும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போனது. அவர்களுடைய பூர்வீகத்தைத் துருவும் ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. கொடுத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதிரிகள் ஊர் திரும்ப 2004 ஆகிவிட்டது.

அந்த விவகாரம் அம்பலமாகும் முன்பே, நாட்டின் இன்னொரு பக்கத்தில், மான்ட்ரியலை ஒட்டிய கானவாகே என்ற மொஹாக் பழங்குடி ஊர் வேறு வழியில் போயிருந்தது.

அங்கே 45 முதல் 64 வயது வரையுள்ளவர்களில் 12 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதை உள்ளூர் மருத்துவமனை டாக்டர்கள் 1980களில் கண்டறிந்தார்கள். கனடாவின் பொது விகிதத்தைவிட இது இரு மடங்கு. விவரத்தை ஊராரிடமே எடுத்துச் சொன்னார்கள். பிள்ளைகளுக்காவது வராமல் தடுக்க ஏதாவது செய்யுங்கள் என்று பெரியவர்கள் கேட்டுக்கொள்ள, 1994இல் இரண்டு தொடக்கப்பள்ளிகளில் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. உணவும் உடற்பயிற்சியும் பாடமாயின. நொறுக்குத் தீனி பள்ளி வாசலோடு நின்றது.

இதற்கென எழுதிய நெறிமுறையில்தான் விஷயமே இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஊரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஊர் ஆலோசனைக் குழு என மூன்று தரப்பும் சமபங்காளிகள். என்ன கேள்வி கேட்பது என்பதிலேயே ஊருக்குப் பங்குண்டு. முடிவுகள் முதலில் ஊருக்கு, பிறகுதான் ஆய்விதழுக்கு. விளக்கத்தில் கருத்து வேறுபட்டால் இரு விளக்கங்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

எட்டாண்டு மதிப்பீடு 2005இல் வந்தது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த சில தீனிகளைப் பிள்ளைகள் குறைத்திருந்தார்கள். ஆனால் உடல் எடைக் குறியீடு குறையவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள்.

தங்களைப் பற்றிய தரவின் மீது உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் தங்களுக்கே என்ற கொள்கையைக் முதல் குடிகள் எனப்படும் கனடாவின் பழங்குடியினர் 1998இல் வகுத்தார்கள். அதை நடைமுறையாக்க உள்ளூர் ஆய்வாளர்கள் தேவை. ஆசிரியராக இருந்த அலெக்ஸ் மக்கோம்பர், உணவியல் வல்லுநர் ட்ரீனா டெலோர்மியர் ஆகிய இருவருமே கானவாகேக்காரர்கள். இந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள். பின்னர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களானார்கள். பிற பழங்குடி ஊர்களிலிருந்து வருபவர்களுக்கும் இந்தத் திட்டம் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது.