தேனீ தருவது தேன் மட்டுமா?

தேனீ என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று தேன், மற்றையது அதன் கொடுக்கு. தடிமன், இருமல் என்றால் வீட்டில் தேன் போத்தலைத் தேடுகின்றோம். அதே வீட்டு வளவில் மாமரக் கொப்பொன்றில் தேன்கூடு கட்டியிருந்தால், பொழுதுபட்டதும் சூள் கொளுத்திக்கொண்டு போய் எரித்துவிடுகின்றோம். தேன் வேண்டும், தேனீ வேண்டாம் என்பதே நம்மில் பலரது நிலை.

அல்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயத்துக்குத் தேனீயின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ‘அந்நஹ்ல்’ என்ற அந்த அத்தியாயத்தின் 68ஆம், 69ஆம் வசனங்கள் தேனீயைப் பற்றிப் பேசுகின்றன. தேனில் நோய் நிவாரணம் உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிந்து வைத்திருக்கின்றோம். ஆனால் அவ்வசனம் தேனோடு நின்றுவிடவில்லை. சிந்திப்பவர்களை நோக்கியே அது முடிகின்றது. தேனைப் பற்றிப் பேசும் நாம் தேனீயின் வேலையைப் பற்றி எவ்வளவு தூரம் சிந்தித்திருக்கின்றோம்? உயர்தர உயிரியல் பாடத்தில் பூக்கும் தாவரங்களின் இனப்பெருக்கத்தைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி இது. அதற்கு நான் தேடிக்கொண்ட விடையைத்தான் இங்கு எழுதுகின்றேன்.

எல்லோருக்கும் தெரிந்த பூசணிக் கொடியை எடுத்துக்கொள்வோம். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறாக மலர்கின்றன. பெண் பூவின் அடியில் சிறு உருண்டை போன்ற பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு மட்டும்தான். இரண்டும் விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறி மதியமாவதற்கு முன்பே சுருங்கிவிடுகின்றன. அந்தச் சில மணித்தியாலங்களுக்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் குறியைச் சென்றடைய வேண்டும். பூசணியின் மகரந்த மணிகள் பெரியவை, ஒட்டும் தன்மை கொண்டவை. காற்று அவற்றைத் தூக்கிச் செல்லாது. தேனும் மகரந்தமும் தேடி வரும் தேனீயின் உடலிலுள்ள மயிர்களில் அவை ஒட்டிக்கொள்கின்றன. தேனீக்கு இன்னுமொரு நல்ல பழக்கமும் உண்டு. ஒரு பயணத்தில் அது பெரும்பாலும் ஒரே வகைப் பூக்களையே நாடிச் செல்லும். அதனால் பூசணியின் மகரந்தம் பூசணிக்கே போய்ச் சேர்கின்றது.

இதைக் கண்ணால் பார்க்க எனக்கு ஆசை வந்தது. எங்கள் வளவில் வாப்பா நட்டிருந்த பூசணிக் கொடியில், மறுநாள் மலரவிருந்த ஆறு பெண் மொட்டுகளைத் தெரிவு செய்தேன். நான்கு மொட்டுகளை மாலையிலேயே பழைய நுளம்பு வலைத் துண்டுகளால் கட்டினேன். இரண்டைத் திறந்தபடி விட்டேன். காலையில், கட்டியவற்றுள் இரண்டை மட்டும் அவிழ்த்து, ஆண் பூவொன்றின் இதழ்களை நீக்கிவிட்டு, அதன் மகரந்தத்தைக் குறியில் மெதுவாகத் தடவி மீண்டும் கட்டினேன். ஒரு வாரம் கழிந்தது. திறந்திருந்த இரண்டும், நான் மகரந்தம் தடவிய இரண்டும் பருத்திருந்தன. கட்டியபடியே விட்ட இரண்டின் பிஞ்சுகளும் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. ஆறு பூக்களை வைத்துச் செய்தது ஓர் ஆய்வாகிவிடாது. ஆனால் நாம் “பூ கொட்டிவிட்டது, பிஞ்சு பிடிக்கவில்லை” என்று சொல்லிக் கொடியைக் குறை கூறும்போது, வராமற்போன விருந்தாளி யார் என்பதை அது எனக்குக் காட்டியது.

இரண்டு பூக்களுக்கு மகரந்தம் தடவ எனக்குக் கால் மணித்தியாலம் சென்றது. ஒரு தோட்டம் முழுவதற்கும் இதை மனிதர் செய்வதானால் எப்படியிருக்கும்? சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலுள்ள ஹன்யுவான் பகுதிப் பேரிக்காய்த் தோட்டங்களில் இதுதான் நடக்கின்றது. பூக்கும் காலத்தில் விவசாயிகள் மரங்களில் ஏறி, கோழி இறகு கட்டிய கோல்களால் பூப்பூவாக மகரந்தம் தடவுகிறார்கள். அளவுக்கு மிஞ்சிய பீடைநாசினிப் பாவனையால் தேனீக்கள் அருகியதும், தேனீ வளர்ப்போர் தமது பெட்டிகளை அங்கு கொண்டுவரத் தயங்கியதும் இதற்கு முக்கிய காரணங்கள்.

வனிலாவின் கதையும் இப்படித்தான். மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட அந்தக் கொடியை இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841ஆம் ஆண்டு எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகின் வனிலாத் தோட்டங்கள் இன்றும் அநேகமாக அந்த முறையிலேயே காய்க்கின்றன. வனிலாவின் விலை உயர்வாக இருப்பதற்கு இந்தக் கை வேலையும் ஒரு காரணம். பூச்சி கூலியின்றிச் செய்யும் வேலையை மனிதன் செய்தால் அதற்கு விலை உண்டு.

“தேனீக்கள் அழிந்தால் நான்கு ஆண்டுகளில் மனித இனமே அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டைன் கூறினார்” என்றொரு செய்தி அடிக்கடி பகிரப்படுகின்றது. ஐன்ஸ்டைன் அவ்வாறு கூறியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவர் 1955இல் காலமானார். இந்தக் கூற்று அவர் பெயரில் பரவத் தொடங்கியதோ பல தசாப்தங்களின் பின்னர். தேனீயின் பெருமையைச் சொல்வதற்குப் பொய் தேவையில்லை. உண்மையே போதுமானது.

உண்மை என்ன? நெல் தன் மகரந்தச் சேர்க்கையால் விளைகின்றது. கோதுமையும் அப்படித்தான். சோளனுக்குக் காற்று உதவுகின்றது. ஆகவே தேனீ இல்லாவிட்டாலும் சோறு இருக்கும், பாண் இருக்கும். உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115ஐப் பற்றி 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றுள் 87 பயிர்களின் விளைச்சலுக்கு விலங்குகளின் மகரந்தச் சேர்க்கை துணை செய்வதாகக் கணக்கிட்டது. நிறையின்படி பார்த்தால் அவை உலக உணவு உற்பத்தியில் ஏறத்தாழ 35 சதவீதம்தான். ஏனெனில் வயிற்றை நிரப்பும் தானியங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உடலைக் காக்கும் காய், கனி, விதைகளுள் பெரும்பாலானவை இருக்கின்றன.

நம் பகல் உணவுத் தட்டை ஒரு முறை பாருங்கள். பூசணி, பாகல், பீர்க்கு, கெக்கரி ஆகியவை பூச்சிகள் இல்லாமல் காய்க்கமாட்டா. நோன்பு திறக்கும்போது நாம் தேடும் வத்தகைப் பழத்தின் பெண் பூவுக்கு ஒரு தேனீ ஒரு தடவை வந்து போனாற்கூடப் போதாது. போதிய மகரந்தம் சேராவிட்டால் பழம் கோணலாகிவிடும். கறிக்குக் கொத்தமல்லி வேண்டும், பிரியாணிக்கு ஏலம் வேண்டும். இவற்றுக்கும் தேனீ வேண்டும். தேனீக்கள் குறைந்தால் நாம் பட்டினியால் சாகமாட்டோம். ஆனால் தட்டில் சோறு இருக்க, பக்கத்தில் இருக்கும் காயும் கனியும் அரிதாகிவிடும், விலையேறிவிடும். விற்றமின்கள் அவற்றில்தான் நிறைந்திருக்கின்றன. விலையேறினால் முதலில் அவற்றைக் கைவிட வேண்டியவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இந்த விடயத்தில் நான் அஞ்சுவது இதற்குத்தான்.

தேன் தரும் தேனீக்களை மட்டும் காப்பாற்றினால் போதுமா? போதாது. இலங்கையில் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் நாம் தேன் எடுப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஏனையவை பெரும்பாலும் தனித்து வாழ்பவை. அவற்றிடம் தேன்கூடு இல்லை, காப்பதற்குத் தேனும் இல்லை. அதனால் அவை நம்மைத் தேடி வந்து கொட்டுவதும் இல்லை.

கத்தரிப் பூவைப் பாருங்கள். அதன் மகரந்தம் குழாய் போன்ற கூடுகளுக்குள் அடைபட்டிருக்கின்றது. நுனியில் ஒரு சிறு துளை மட்டுமே உண்டு. பூவைப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறப்புத் தசைகளை அதிரச் செய்தால்தான் மகரந்தம் வெளியே கொட்டும். நம் தேன்பெட்டித் தேனீயால் இது இயலாது. வயிற்றில் நீலக் கோடுகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீயும், கூரை மரத்தைத் துளைக்கும் கரிய தச்சுத் தேனீயும்தான் இதைச் செய்கின்றன. நாம் “கருவண்டு” என்று விளக்குமாற்றால் அடித்துக் கொல்லும் இந்தத் தச்சுத் தேனீயே கொடித்தோடையையும் காய்க்க வைக்கின்றது. அந்தப் பெரிய பூவில் சிறு தேனீக்கள் மகரந்தத்தை எடுத்துச் செல்லுமே தவிர, குறியைத் தொடுவது அரிது.

மாம்பூவுக்கு நாம் விரட்டும் ஈக்கள் பெரிதும் உதவுகின்றன. மாலையில் மலரும் வெண்ணிறப் புடலம் பூவைத் தேடி அந்துப்பூச்சிகள் வருகின்றன. சொக்லட் தரும் கொக்கோப் பூவுக்கு, உக்கும் இலைகுழைகளில் வாழும், நுளம்பை விடச் சிறிய ஓர் ஈ வர வேண்டும். தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரத்துக்கு இரவில் வௌவால் வருகின்றது.

காட்டின் நிலையும் இதுவே. உலகின் பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 90 சதவீதமானவை இனம்பெருக விலங்குகளின் உதவியைப் பெறுகின்றன. பூக்கள் காயாகாவிட்டால் பழந்தின்னும் பறவைக்கும் குரங்குக்கும் கரடிக்கும் உணவில்லை. விதை விழாவிட்டால் அடுத்த தலைமுறை மரமும் இல்லை.

இவ்வளவு வேலை செய்யும் உயிர்களுக்கு நாம் செய்வது என்ன? பூத்திருக்கும் பயிருக்குக் காலை வேளையிலேயே பீடைநாசினி தெளிக்கின்றோம். தும்பையும் தொட்டாற்சுருங்கியும் பூத்திருக்கும் வளவின் ஓரத்தைக் களைநாசினியால் சுத்தம் செய்கின்றோம். மண் தெரியாதபடி முற்றத்துக்குச் சீமெந்து இடுகின்றோம். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளையிட்டு வாழ்வது, தச்சுத் தேனீ பட்ட மரத்தில் வாழ்வது. சீமெந்தில் அவற்றுக்கு இடமில்லை.

பெற்றோரின் அச்சமும் நியாயமானது. மலைத்தேனீ எனப்படும் பெருந்தேனீக்கள் கலைந்தால் உயிராபத்து ஏற்படலாம். மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் சீகிரியாவுக்குச் சுற்றுலா செல்வோரும் அவற்றின் தாக்குதலுக்கு உள்ளாவதைச் செய்திகளில் காண்கின்றோம். உயர்ந்த மரத்திலோ கட்டடத்திலோ ஒற்றை அடையாகப் பெரிய கூடு தொங்கினால், அது பெரும்பாலும் இவற்றினுடையதே. பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. கல்லெறிவதும் புகையிடுவதும்தான் பெரும் ஆபத்து. இவை பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்பவை. தொந்தரவில்லாத இடமென்றால் விட்டுவிடலாம், தாமாகவே போய்விடும். ஆட்கள் நடமாடும் இடமென்றால் அனுபவமுள்ளவர்களை அழைத்து அகற்ற வேண்டும். மரப்பொந்திலும் பெட்டியிலும் வாழும் இந்தியத் தேனீ அவ்வளவு மூர்க்கமானதல்ல. சுவர் இடுக்கில் வாழும் கொசுத்தேனீக்குக் கொட்டவே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே நெருப்பால் எரிப்பது அறியாமை.

நம்மால் செய்யக்கூடியவை சிறியவைதான். தெளித்தே ஆக வேண்டுமென்றால், பூக்கள் சுருங்கிய பின்னர் மாலையில் தெளிக்கும்படி வாப்பாமாரிடம் சொல்லலாம். வளவின் ஒரு மூலையையாவது காட்டுப் பூக்களுக்கு விட்டுவைக்கலாம். பட்ட கொப்பொன்றையும் வெறும் மண் நிலம் கொஞ்சத்தையும் அப்படியே விடலாம். கொத்தமல்லியிலும் துளசியிலும் சில செடிகளைப் பூக்க விடலாம். முருங்கை ஒன்று நடலாம். தேனீ வளர்க்க விரும்புவோர், பண்டாரவளையில் இயங்கும் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவிடம் ஆலோசனை பெறலாம். மரம் நடுவது ஸதகா என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மரம் காய்ப்பதற்கு உதவும் உயிர்களை வாழ விடுவதும் நன்மைதானே?

2018ஆம் ஆண்டு முதல் மே 20ஆம் திகதி உலகத் தேனீக்கள் தினமாக அனுசரிக்கப்படுகின்றது. அடுத்த மே மாதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலை ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின்னர், வெயில் ஏறுமுன், உங்கள் வளவில் பூத்திருக்கும் ஏதாவது ஒரு பூவின் முன்னால் பத்து நிமிடங்கள் நின்று பாருங்கள். யார் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பலர் வந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஒருவரும் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.